நாளின் முதல் கவனம் யாருக்கு? நிதானமான காலைப் பழக்கத்தை அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காலைப் பழக்கம் என்று பேச்சு எடுத்தாலே பலருக்கும் நினைவுக்கு வருவது விடியற்காலை நான்கு மணி அலாரமும் ஒரு நீண்ட பட்டியலும்தான்: தியானம், ஓட்டம், குளிர்ந்த நீர்க் குளியல், டைரி, புத்தகம். இரண்டு வாரம் வைராக்கியமாகச் செய்வார்கள். ஒருநாள் இரவு படுக்கத் தாமதமாகும், மறுநாள் எல்லாம் தள்ளிப்போகும், அத்தோடு விட்டுவிடுவார்கள். பிறகு ‘எனக்கு ஒழுக்கம் பத்தாது’ என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அவர்களிடம் குறை இல்லை. எடுத்துக்கொண்ட திட்டம்தான் ஒரு சாதாரண மனிதனின் சாதாரண காலைக்குப் பொருந்தாதது.

எத்தனை மணிக்கு எழுகிறோம் என்பதைவிட, எழுந்ததும் நம் கவனம் முதலில் எதற்குப் போகிறது என்பதே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கண் விழித்த ஒரு நிமிடத்துக்குள் அலுவலக மெசேஜ், யாரோ ஒருவரின் கோபம், எங்கோ நடந்த விபத்து, இரண்டு விளம்பரம் எல்லாம் மனதுக்குள் வந்துவிட்டால், அன்றைய நாளை என்ன மனநிலையில் தொடங்குவது என்பதை மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த முதல் அரைமணி நேரத்தை நாமே தேர்ந்தெடுத்த ஓரிரு காரியங்களுக்குக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். காலை ஏழரைக்கு எழுபவராலும் இது முடியும்.

படி 1: முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வையுங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் நான்கே விஷயங்களைக் குறித்தால் போதும்: எப்போது விழிப்பு வந்தது, எப்போது படுக்கையை விட்டு எழுந்தீர்கள், கை முதலில் எதை எடுத்தது, வேலையைத் தொடங்கும்போது மனம் எப்படி இருந்தது. உதாரணமாக ஒரு நாளின் குறிப்பு இப்படி இருக்கலாம்: “6:40 விழிப்பு. 7:15 எழுந்தேன். போன். கிளம்பும்போது அவசரம், எரிச்சல்.”

அந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் கிடைத்துவிடுகிறது. காலையில் நேரமே இல்லை என்று சொல்லும் அதே ஆளின் கையில் 35 நிமிடங்கள் இருந்திருக்கின்றன. அவை ஓய்வாகவும் கழியவில்லை, வேலையாகவும் கழியவில்லை. எழுதிப் பார்க்காதவரை இது கண்ணில் படாது, ஏனென்றால் போன் பார்க்கும் நேரம் நமக்கு எப்போதும் ‘ரெண்டு நிமிஷம்’தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த இடத்தில் காலை சிக்கிக்கொள்கிறது? சாவி தேடுவதிலா, என்ன உடுத்துவது என்ற யோசனையிலா, குளியலறைக்கு வரிசையில் நிற்பதிலா? இவை சின்ன விஷயங்கள்போலத் தெரிந்தாலும், பெரும்பாலான காலைப் பதற்றத்துக்குக் காரணம் இவைதான். எவ்வளவு தியானம் செய்தாலும் காணாமல் போன சாவி கிடைக்கப்போவதில்லை.

படி 2: எதற்காக என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘நல்ல காலைப் பழக்கம் வேண்டும்’ என்பது குறிக்கோள் ஆகாது. அது உங்களுக்கு எதற்கு? “பிள்ளைகளிடம் கத்தாமல் காலையைக் கடக்க வேண்டும்.” “வேலைக்குப் போவதற்குள் என் படிப்புக்கு இருபது நிமிடம் வேண்டும்.” “முதுகு விறைப்போடு நாற்காலியில் போய் உட்காரக் கூடாது.” “எழுந்ததும் வரும் அந்தப் படபடப்பு குறைய வேண்டும்.” இப்படி வெளிப்படையாக இருக்கட்டும்.

வாக்கியம் மாறினால் பழக்கமும் மாறும் என்பதைப் பாருங்கள். பிள்ளைகளிடம் கத்தாமல் இருக்க விரும்புபவருக்கு ஓட்டப்பயிற்சி முதல் தேவை அல்ல. முந்தைய இரவே பைகளைக் கட்டிவைப்பதும், அவர்கள் எழுவதற்கு முன் தனக்கென்று பத்து நிமிடமும்தான் தேவை. முதுகு விறைப்பு உள்ளவருக்கு டைரியைவிட உடலை அசைப்பது முக்கியம். அடுத்தவரின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது ஏன் சரிவருவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

வாக்கியத்தை எழுதியபின் ஒரு சோதனை: இதை நான் செய்வது யாருக்கும் தெரியப்போவதில்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்றாலும் செய்வேனா? ‘ஆமாம்’ என்றால் வைத்துக்கொள்ளுங்கள். தயக்கம் வந்தால் வேறு எழுதுங்கள்.

படி 3: இரவைச் சரிசெய்யுங்கள்

எனக்குத் தெரிந்து, காலைப் பழக்கம் நிலைக்காமல் போவதற்குப் பெரிய காரணம் தூக்கக் குறைவுதான். பெரியவர்கள் இரவில் குறைந்தது 7 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்காவின் இரண்டு முக்கியமான தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் சேர்ந்து பரிந்துரைத்தன. தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் திருடி அதில் தியானம் செய்வது எந்த வகையிலும் லாபமில்லை. காலையில் முன்னதாக எழ வேண்டுமென்றால், அதே அளவு முன்னதாகப் படுக்க வேண்டும். ஆறு மணிக்கு எழ வேண்டுமா? பதினொன்றுக்குத் தூங்கியிருக்க வேண்டும், பத்தரைக்கெல்லாம் படுக்கையில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, அந்த நேரத்துக்குப் படுக்க வழியே இல்லை என்று தெரிந்தால், ஆறு மணியை விட்டுவிட்டு ஆறே முக்காலைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நம்மைத் தூங்க வைப்பவை இரண்டு. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தூக்க அழுத்தத்தை ஏற்றுகிறது. இன்னொரு பக்கம், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் ஏறக்குறைய 20,000 நரம்புச் செல்களைக் கொண்ட ஒரு சிறிய கொத்து உடலின் கடிகாரமாக வேலை செய்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத் தூக்கத்தை விளக்கும் மாதிரியை அலெக்ஸாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் 1982-ல் முன்வைத்தார். இன்றுவரை தூக்க ஆய்வு இதன்மேல்தான் பெரும்பாலும் நிற்கிறது.

இதிலிருந்து நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, கஃபீன். அது அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் தூக்கம் கலைகிறது. குடித்ததில் பாதி உடலை விட்டு வெளியேறப் பலருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். அதாவது மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். ஆனாலும் மதியத்துக்குப் பிறகு நிறுத்திப் பார்ப்பது ஒரு நல்ல தொடக்கம்.

இரண்டாவது, பெரும்பாலோரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. சராசரியாக 24 மணி நேரமும் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலும். அதனால் சும்மா விட்டால் அது தினமும் கொஞ்சம் பின்னால் போகப் பார்க்கும். படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுப்பதைவிட, எழும் நேரத்தை நிலையாக வைப்பது எளிது. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தைப் பார்த்தால், இரவில் தூக்கம் தானாக ஓர் ஒழுங்குக்கு வரும். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகாமல் இருக்கப் பாருங்கள். வார நாளில் ஆறுக்கும் ஞாயிறு பத்துக்கும் எழுவது, வாராவாரம் வேறு நேர மண்டலத்துக்குப் பறந்துபோய்த் திரும்பி வருவதற்குச் சமம். ஆய்வாளர்கள் இதற்கு ‘சோஷியல் ஜெட் லாக்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எழும் நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டுமென்றால் சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் என்று நகர்த்துங்கள். ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் வேண்டாம்.

மூன்றாவது, எல்லோரும் விடியற்காலை ஆட்கள் அல்ல. சீக்கிரம் விழிப்பதும் தாமதமாக விழிப்பதும் ஓரளவு மரபணுவிலேயே இருக்கிறது, வயதாலும் மாறுகிறது. பதின்வயதில் கடிகாரம் பின்னால் போகிறது, முதுமையில் முன்னால் வருகிறது. பதினேழு வயதுப் பிள்ளை காலையில் எழச் சிரமப்பட்டால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

இனி, படுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. மறுநாளைக்கான உடை, பை, சாவி, தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். காலையில் உட்காரப்போகும் நாற்காலியில் ஒரு நோட்டைத் திறந்தே வைத்து, மேலே பேனாவை வையுங்கள். அப்புறம் ஐந்து நிமிடம், நாளை செய்ய வேண்டியவற்றை எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், அதுவரை முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒரு தாளும் ஐந்து நிமிடமும்தானே கேட்கிறது, செய்து பாருங்கள்.

கடைசியாகப் போன். சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே மாற்றுங்கள். எழுப்புவதற்குத் தனியாக ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் போதும். வயதான பெற்றோரோ மருத்துவமனையோ இரவில் அழைக்கக்கூடும் என்றால், மணி ஒலிக்கும்படி வைத்து, எழுந்து நடந்தால்தான் எடுக்க முடியும் என்ற தூரத்தில் வையுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய முடியும் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

படி 4: எழுந்த முதல் கால்மணி நேரம்

விழித்தவுடன் மூளை முழுதாக விழிப்பதில்லை. அந்த மந்தம் பொதுவாக 15 முதல் 30 நிமிடம் நீடிக்கும். தூக்கம் குறைந்த நாளில் இன்னும் கூட. ஆகவே அந்த நேரத்தில் முடிவெடுக்கும் வேலையே இருக்கக் கூடாது. இன்று தியானமா, நடையா என்று அப்போது யோசித்தால் படுக்கைதான் ஜெயிக்கும். எல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும், உடல் மட்டும் அதன் போக்கில் செய்துகொண்டு போக வேண்டும்.

அலாரத்தை நிறுத்துங்கள். சட்டென்று குதித்து எழ வேண்டாம். படுக்கை விளிம்பில் உட்கார்ந்து இரு பாதங்களையும் தரையில் ஊன்றி ஒரு நிமிடம் இருங்கள். படுத்திருந்துவிட்டு உடனே நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். வயதானவர்களும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் தரை சில்லென்று இருக்கிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அவ்வளவுதான். அன்றைய முதல் கவனம் அங்கே போய்விட்டது.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல் திரையை விலக்குங்கள், முடிந்தால் வெளியே போய் நில்லுங்கள். நம் விழித்திரையில், உருவங்களைப் பார்ப்பதற்கான செல்கள் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி வகைச் செல்களும் உண்டு என்பது 2000-களின் தொடக்கத்தில்தான் தெளிவானது. ‘விடிந்துவிட்டது’ என்ற தகவலை இவை நேரே அந்த உடல் கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. வெளியில் கிடைக்கும் ஒளிக்கும் வீட்டுக்குள் இருக்கும் ஒளிக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதைக் கண்ணால் கணிக்க முடியாது. ஒளியை அளக்கும் அலகு லக்ஸ். விளக்கு போட்ட அறையில் பொதுவாகச் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகமூட்டமான நாளிலும் வெளியே அது ஆயிரக்கணக்கில் இருக்கும். நல்ல வெயிலில் ஒரு லட்சத்தையும் எட்டும். அதனால் பத்து இருபது நிமிடம் வெளியில் நிற்பதோ நடப்பதோ, அறைக்குள் எல்லா விளக்கையும் போடுவதைவிடப் பல மடங்கு மேல். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது.

தண்ணீர் தாகமாக இருந்தால் குடியுங்கள். அதில் மாயம் ஒன்றும் இல்லை. காபி, டீ பற்றி நிறைய விதிகள் உலவுகின்றன. எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. உங்கள் வயிறும் இரவுத் தூக்கமும் ஒத்துக்கொண்டால் வழக்கம்போலக் குடியுங்கள். ஆனால் உட்கார்ந்து குடியுங்கள், கையில் வேறெதுவும் இல்லாமல்.

படி 5: ஒரே ஒரு காரியத்தில் முழுக் கவனம்

இந்தப் படியைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். மற்றவை எல்லாம் இதற்கு இடம் ஒதுக்கும் ஏற்பாடுகள்.

ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் அவர்களுடைய போன் வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில் ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீதத் தருணங்களில் மனம் வேறெங்கோ இருந்தது. அந்தத் தருணங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. கிட்டத்தட்டப் பாதி வாழ்க்கையை நாம் அங்கே இல்லாமலே கழிக்கிறோம். காலையில் ஐந்து நிமிடம் பழகுவது, அந்த அலைச்சலை உடனுக்குடன் கவனிக்கும் பயிற்சி.

உட்கார்ந்து செய்யும் முறை இது. நாற்காலியோ தரையோ, முதுகு நிமிர்ந்து, ஆனால் விறைக்காமல். ஐந்து நிமிடத்துக்கு டைமர் வையுங்கள் (அலாரக் கடிகாரத்திலேயே). கண்ணை மூடலாம், அல்லது தரையில் ஓரிடத்தில் பார்வையைத் தாழ்த்தி வைக்கலாம். மூச்சை மாற்ற வேண்டாம். அது எங்கே நன்றாகத் தெரிகிறது என்று தேடுங்கள்: மூக்கு நுனியில் உள்ளே போகும் குளிர்ச்சியா, வெளியே வரும் வெதுவெதுப்பா, நெஞ்சு விரிவதா, வயிறு ஏறி இறங்குவதா? ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். நான்காவது மூச்சிலோ ஐந்தாவது மூச்சிலோ மனம் கிளம்பிவிடும். நேற்று அவர் ஏன் அப்படிச் சொன்னார், இன்று பில் கட்ட வேண்டுமே, மூக்கு அரிக்கிறதே. போனது தெரிந்ததும் மனதுக்குள் ‘யோசனை’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். திட்ட வேண்டாம், ‘எனக்கு வரவில்லை’ என்றும் நினைக்க வேண்டாம். மனம் போனதைக் கண்டுபிடித்த அந்தக் கணம்தான் பயிற்சியே. ஐந்து நிமிடத்தில் முப்பது முறை போய், முப்பது முறை திரும்பினால், முப்பது முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

படபடப்பாக இருக்கும் நாளில் மூச்சை வெளியே விடுவதைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். உள்ளே நான்கு எண்ணும்வரை, வெளியே ஆறு எண்ணும்வரை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். உடலின் அமைப்பே அப்படி. நீண்ட வெளிமூச்சு அமைதியைத் தருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பதற்றம் அதிகமாகும். முன்பு பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு இது நடக்கக்கூடும். அப்படியானால் கண்ணைத் திறந்தே வையுங்கள், மூச்சுக்குப் பதில் பாதத்தையோ வெளியில் கேட்கும் சத்தங்களையோ கவனியுங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இந்த விஷயத்தில் வீம்பு வேண்டாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

உட்காரவே பிடிக்காதவர்களுக்கும் வழி உண்டு. ஜான் கபாட்-ஸின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலியுள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கிய கவனப் பயிற்சியிலேயே நடப்பது, சாப்பிடுவது போன்ற சாதாரணக் காரியங்களும் இருந்தன. எப்படியும் செய்யப்போகும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது பல் துலக்குவது. பேஸ்டின் காரம் நாக்கில் முதலில் எங்கே படுகிறது? பின்பற்களுக்குப் போகும்போது பிரஷ்ஷின் சத்தம் எப்படி மாறுகிறது? தோள் தேவையில்லாமல் இறுகியிருக்கிறதா? இரண்டு நிமிடம், கண்ணாடிமுன் நின்றபடி, இதை மட்டும். அடுத்த வேலைக்கு மனம் ஓடும், கூட்டிக்கொண்டு வாருங்கள். கூடுதலாக ஒரு நொடிகூடத் தேவையில்லை. ‘எனக்கு நேரம் இல்லை’ என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

படி 6: உடலை அசையுங்கள்

ஐந்து பத்து நிமிடம் போதும். நடை, கை கால் நீட்டல், யோகா, எது பிடிக்கிறதோ அது. ஓர் எச்சரிக்கை மட்டும்: இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பதும் அதனால்தான். ஆகவே எழுந்ததும் ஆழமாக முன்னால் குனிவதையும் கனம் தூக்குவதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், குறிப்பாக முதுகுவலி உள்ளவர்கள்.

படி 7: அன்றைக்கான இரண்டு வரி

இரவு திறந்துவைத்த நோட்டு இப்போது உதவும். வேலைப் பட்டியல் அதில் ஏற்கெனவே இருக்கிறது. காலையில் இரண்டே வரி சேர்த்தால் போதும். ஒன்று: இவற்றில் எது முடிந்தால் இன்று நிம்மதியாக இருப்பேன்? அதற்கு ஒரு வட்டம். இரண்டு: இன்று எங்கே தடுமாறக்கூடும், அப்போது என்ன செய்வேன்?

இரண்டாவது வரியை ‘இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்’ என்ற அமைப்பில் எழுதுங்கள். “மீட்டிங்கில் என் பேச்சை மறித்தால், ஒரு மூச்சு விட்டுவிட்டு ‘முடித்துவிடுகிறேன்’ என்பேன்.” “மகன் ஷூ போடாமல் நின்றால், பக்கத்தில் போய்க் குனிந்து பேசுவேன், அறையிலிருந்து கத்த மாட்டேன்.” ‘பொறுமையாக இருப்பேன்’ என்று பொதுவாக எழுதுவதைவிட இது கைகொடுக்கும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப்போட்டு வைத்தால், அந்தச் சூழல் வரும்போது செயல் எளிதில் நினைவுக்கு வருகிறது.

நன்றி எழுதுவது, பிரார்த்தனை, வாசிப்பு எல்லாம் இங்கே சேரலாம். உங்கள் படி 2 வாக்கியம் கேட்டால் மட்டும்.

படி 8: கோத்துவிடுங்கள்

புதுப் பழக்கத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள். ‘6:20-க்குத் தியானம்’ என்றால் 6:26 ஆனதும் தவறிவிட்டதுபோல ஆகிவிடும். ‘பல் துலக்கியதும் நாற்காலியில் உட்காருவேன்’ என்றால் எத்தனை மணியானாலும் செல்லுபடியாகும். முழு வரிசையும் இப்படி வரும்: அலாரம் நின்றதும் பாதம் தரையில். பாதம் தரையில் பட்டதும் திரையை விலக்கு. பல் துலக்கியதும் ஐந்து நிமிடம் மூச்சு. டைமர் அடித்ததும் இரண்டு வரி. எழுதி முடித்ததும் போன்.

ஆமாம், போன் வரிசையில் இருக்கிறது, கடைசியில். தடை போடுவதைவிட இடம் ஒதுக்குவது எளிது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் எழும் நேரமும் போனும் மட்டும். அது ஓரளவு நிலைத்ததும் மூச்சுப் பயிற்சி. பிறகு எழுத்து. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வதன் மூலத்தைத் தேடிப்போனால், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய ஒரு குறிப்பில் போய் நிற்கும். தன் நோயாளிகளுக்குப் புதிய முகம் பழக்கப்படக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார், அவ்வளவே. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒருநாள் விட்டதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. எனவே 22-ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் கவலை வேண்டாம்.

படி 9: மோசமான காலைக்கும் ஒரு வடிவம்

பழக்கத்தை மூன்று அளவில் எழுதி வையுங்கள். நிதானமான நாளில் நாற்பது நிமிடம்: வெளியே நடை, மூச்சு, எழுத்து, அமைதியாக ஒரு கோப்பை. வழக்கமான நாளில் பதினைந்து: வெளிச்சம், ஐந்து நிமிட மூச்சு, இரண்டு வரி. எல்லாம் தலைகீழான நாளில் மூன்றே நிமிடம்: பாதம் தரையில், கவனத்தோடு பல் துலக்கல், கதவைத் திறக்கும்முன் மூன்று மூச்சு. மூன்று நிமிட வடிவம்தான் உங்கள் உண்மையான பழக்கம்; மற்ற இரண்டும் அதன் நீட்சி. காய்ச்சல், பயணம், விருந்தாளி, துக்கம் எதிலும் அது தாங்க வேண்டும். தாங்காது என்று தோன்றினால் இன்னும் சுருக்குங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் ‘அமைதியான காலை’ என்பதை எதிர்பார்க்கவே வேண்டாம். அங்கே தூக்கம்தான் முதல் மருந்து. குழந்தைக்குமுன் எழ முயலாதீர்கள். பால் கொடுக்கும் நேரத்திலோ தோளில் போட்டு நடக்கும் நேரத்திலோ அந்த எடையையும் சூட்டையும் மூச்சையும் கவனியுங்கள். உங்கள் ஐந்து நிமிடம் அதுவே. துணைவர் இருந்தால், காலையில் ஆளுக்குப் பத்து நிமிடம் மற்றவர் பார்த்துக்கொள்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் எதிர்பார்த்தால் சண்டைதான் மிஞ்சும்.

ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்குக் காலை என்பது எழும் நேரம், அது மாலை ஐந்தாக இருந்தாலும். வரிசை அப்படியே பொருந்தும், வெளிச்சம் மட்டும் வேறுபடும். இரவுப் பணி முடித்து வீடு திரும்பித் தூங்கப்போகிறவர் அந்தக் காலை வெயிலைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆனால் வண்டி ஓட்டித் திரும்புபவர் கண் சொக்கவைக்கும் இருட்டுக் கண்ணாடியை அணிய வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் அறையை இருட்டாக்கினால் போதும்.

படி 10: மாதம் ஒருமுறை திருத்துங்கள்

மாதக் கடைசியில் படி 2 வாக்கியத்தை எடுத்துப் படியுங்கள். கத்துவது குறைந்ததா? முதுகு தளர்ந்ததா? படிப்பு நகர்ந்ததா? தினமும் தவறாமல் செய்தும் அந்த வாக்கியம் அசையவில்லை என்றால், செய்வது தவறான காரியம் என்று அர்த்தம், மாற்றுங்கள். எதையாவது தொடர்ந்து தட்டிக்கழிக்கிறீர்கள் என்றால், பாதியாகக் குறையுங்கள். குறைத்தும் நடக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். புதிதாக ஒன்று சேர்ப்பதாக இருந்தால் பழையதில் ஒன்றைக் கழியுங்கள், காலை ரப்பர் அல்ல.

நாள் தவறாமல் டிக் அடிக்கும் ஆப்கள் தொடக்கத்தில் சிலருக்கு உதவும். ஆனால் டிக்குக்காகச் செய்ய ஆரம்பித்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த ஆப் இருப்பதும் போனில்தான்.

போதிய நேரம் படுத்தும் பகலில் கண் செருகுகிறது, பலமாகக் குறட்டை வருகிறது, தூக்கத்தில் மூச்சு நிற்பதாகப் பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார், அல்லது வாரக்கணக்காகக் காலையில் எழவே மனம் இல்லாமல் எதிலும் பிடிப்பற்று இருக்கிறது என்றால், அதைப் பழக்கத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அவை மருத்துவம் பார்க்க வேண்டியவை, பார்த்தால் குணமாகக்கூடியவையும்கூட. முதலில் மருத்துவரிடம் போய்வாருங்கள். நோட்டும் நாற்காலியும் அதுவரை காத்திருக்கலாம்.